சுரண்டாமல் விட்ட நீலம்

நிலம் ஆடி ஓய்ந்தபோது அடுக்களையில் ஏதோ விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. பாத்திரம் விழுந்தால் உருளும், டம்ளர் விழுந்தால் சிதறும். இது இரண்டும் இல்லை. ‘டக்’ என்று ஒரே சத்தம், அதோடு சரி.

“அஞ்சு!” என்று படுக்கையிலிருந்து கத்தினார் அவள் கணவர். “குத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவுல சரியா அஞ்சு எண்ணினேன். அஞ்செட்டு நாப்பது. நாப்பது கிலோமீட்டர் தள்ளிப் பொறந்திருக்கு.”

“பொறந்தது இருக்கட்டும். எழுந்து கேஸை மூடுங்க!”

“பஸ் ஓட்டறவனுக்கு இதெல்லாம் தாலாட்டுடி.”

அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. நிலம் நடுங்கும்போது முதலில் அடியிலிருந்து ஒரு குத்து வரும். பின்னாலேயே ஆட்டம் வரும். குத்து ஓடி வருவது, ஆட்டம் நடந்து வருவது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணி எட்டால் பெருக்கினால், நடுக்கம் எவ்வளவு தூரத்தில் கிளம்பியது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஆடும் ஊர். அங்கே பிள்ளைகள் இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால் எட்டாம் வாய்ப்பாட்டைப் படித்துவிடும்.

கேஸை மூடக் கணவர் வரமாட்டார் என்று தெரிந்து அவளே அடுக்களைக்குப் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தரையில் ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது. விரல் நீளம், இரண்டு விரல் அகலம். இரண்டு முனையிலும் வெள்ளைச் சுண்ணப் பூச்சு அப்பியிருந்தது. கண்ணாடி உடையவில்லை. கீறல்கூட இல்லை.

உடைந்திருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். உடையாமல் விழுந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது!

ஏன் என்று சொல்ல, அவள் யார் என்று முதலில் சொல்ல வேண்டும். குடியிருப்பு வாரியத்தில் அவளுக்குப் பதவிப் பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. ஊர் முழுக்க அவள் ‘கண்ணாடிக்காரம்மா’தான். நாற்பத்தாறு வயது. அந்த அலுவலகத்தில் தரை பெருக்குவதற்குச் சேர்ந்தவள். ஒரு நாள் ஏணி பிடிக்க வேண்டியவன் வரவில்லை என்று பொறியாளர் இவளைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தவள் சும்மா இருக்கவில்லை. “சார், அந்தப் பக்கம் தட்டினா உள்ளே காலியா இருக்கற சத்தம் வருது” என்றாள். அன்றோடு துடைப்பம் கைமாறியது. வீடு வீடாகப் போய்ச் சுவருக்கு நாடி பார்க்கிறவள் ஆனாள்.

வேலை எளிமையானது. சுவரில் விரிசல் இருக்கிறது என்று யாராவது மனு கொடுத்தால், அந்த விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் பூச்சு வைத்து ஒட்டிவிட்டு, தேதி எழுதிவிட்டு வருவாள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பாள். கண்ணாடி உடைந்திருந்தால் விரிசல் நகர்கிறது. அது உயிருள்ள விரிசல், வீட்டைக் காலி செய்யணும். உடையாவிட்டால் செத்த விரிசல், நிம்மதியாகத் தூங்கலாம். கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பாள்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, செங்கல் தெரிந்த பிறகுதான் பூச்சு வைக்க வேண்டும். பெயிண்ட்மேல் ஒட்டினால் பூச்சு சுவரைப் பிடிக்காது, பெயிண்டின் தோலைத்தான் பிடிக்கும். சுவர் இரண்டாகப் பிரிந்தாலும் அந்தத் தோல் ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும். கண்ணாடி அப்படியே இருக்கும்.

அவள் குனிந்து கண்ணாடியை எடுத்தாள். திருப்பினாள்.

பூச்சின் பின்பக்கம் நீலமாக இருந்தது. மொழுமொழு என்று எண்ணெய்ப் பெயிண்டின் தோல்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?” வந்துவிட்டார் கணவர்.

அவள் சுவரைக் காட்டினாள். கண்ணாடி இருந்த இடத்தில் பெயிண்ட் பிய்ந்து, பின்னால் விரிசல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஒரு நாணயம் நுழையும்.

“நம்ம வீடு விழுந்துடுமா?”

“இது சும்மா தடுப்புச் சுவர். இது மேல ஒண்ணும் நிக்கல. நம்ம வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது.” அவள் பூச்சின் பின்பக்கத்தை அவரிடம் நீட்டினாள். “இந்த நீலம் எந்த நீலம்னு தெரியலையா உங்களுக்கு?”

“உங்க அக்கா வீட்டு நீலம்” என்றார் அவர்.

ஏழரை வருடத்துக்கு முன்னால், அவள் வேலைக்குப் புதுசு. அவளுடைய அக்கா பக்கத்துத் தெருக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், தாய் தகப்பன் விட்டுப்போன பழைய வீட்டில் இருந்தாள். உள்ளறைச் சுவரில் விரிசல் என்று வாரியத்துக்கு மனு கொடுத்தாள். “உங்க அக்கா வீடுதானே, நீங்களே பாத்துடுங்க” என்றார் பொறியாளர். போனாள். அக்கா அந்த வாரம்தான் அறைக்கு நீல பெயிண்ட் அடித்திருந்தாள். அவளே ஏணி போட்டு, அவளே அடித்தது. கழுத்திலும் காதிலும் நீலப் பொட்டு. “எப்படிடி இருக்கு? வானம் மாதிரி இல்லே?” என்று சின்னப் பெண் போலக் கேட்டாள்.

அதைச் சுரண்ட எந்தத் தங்கைக்கு மனசு வரும், சொல்லுங்கள்? ஒரே ஒரு தடவை, இந்த ஒரு சுவருக்கு மட்டும் என்று பெயிண்ட்மேலேயே ஒட்டினாள். மிச்சமிருந்த டப்பாவை அக்கா இவளிடம் கொடுத்தனுப்பினாள். இவள் தன் அடுக்களைக்கு அதையே அடித்து, பழகிக்கொள்ள அங்கிருந்த சின்ன விரிசலுக்கும் அதே மாதிரி பெயிண்ட்மேலேயே ஒரு கண்ணாடி ஒட்டினாள். தினமும் காபி போடும்போது அதைப் பார்த்து, ‘பாரு, ஆடல அசையல’ என்று பெருமைப்பட்டுக்கொள்வாள்.

ஆறு மாதம் கழித்து அக்கா வீட்டுக் கண்ணாடியும் உடையவில்லை. ‘செத்த விரிசல்’ என்று எழுதிக் கொடுத்தாள். அக்கா ஒப்பவில்லை. “கதவு பாதிதான் திறக்குதுடி. ஆட்டம் வந்தா சுவருக்குள்ள பல்லைக் கடிக்கற மாதிரி சத்தம் வருது” என்றாள். அப்போது இவள் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. மாடிப்படியில் நின்று, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, “வாரியத்துல புது வீடு கிடைக்கும்னு சுவரைச் சாக்குச் சொல்லாதே. எனக்கு வேலை தெரியும்” என்று சொல்லிவிட்டாள்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். “நீ பாத்த சுவரு. நீ சொன்னா சரி. ஆனா இனிமே இந்தப் படி ஏறாதே” என்றாள்.

ஏழு வருடம் ஏறவில்லை. அத்தான் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, வராந்தாவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

அக்கா வீட்டுச் சுவர் தடுப்புச் சுவர் அல்ல. அதன் தலைக்கு மேல்தான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு வந்தது மாதிரி ஒன்று வந்தால், அதன் பின்னாலேயே குட்டி போட்டதுபோல இன்னொன்று வரும். ஒரு மணி நேரத்தில் வரலாம், பத்து நிமிடத்தில் வரலாம்.

ஏழு வருடம் அழைக்காத எண், விரல் மறக்கவில்லை. போட்டாள். இணைப்புக் கிடைக்கவில்லை. ஆட்டம் வந்தவுடன் ஊரே சொந்தக்காரர்களை அழைக்கும், எந்த போனும் போகாது. செருப்புப் போடாமல் ஓடினாள்.

“இரு, வண்டிச் சாவியை எடுத்துட்டு வரேன்!” என்று கணவர் கத்தியது தெருமுனையில்தான் காதில் விழுந்தது.

தெருவில் யாருக்கும் பதற்றமில்லை. முடிவெட்டும் கடைக்காரர் சோப்பு நுரையோடு ஒருவரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். “ஒண்ணுமில்லே கண்ணாடிக்காரம்மா, பூமி ஏப்பம் விட்டுது. சின்னது வந்தா நல்லது. உள்ளே இருக்கற காத்து போயிடும், பெருசு வராது” என்றார். நுரை பூசிய ஆள், “பாதி மூஞ்சியோட செத்திருந்தா அசிங்கமாப் போயிருக்கும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அந்தச் சிரிப்பு தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது.

மூன்று மாடி ஏறி, கதவைத் தட்டும்போது மூச்சு இல்லை.

கதவு திறந்தது. அக்கா! காதோரம் நரைத்திருந்தது. கையில் பாதி தைத்த துணி. தங்கையைப் பார்த்ததும் முகம் கல்லானது.

“வாரியத்துலேர்ந்தா? வாங்க மேடம். எத்தனை டம்ளர் உடைஞ்சுதுன்னு கணக்கெடுக்க வந்தீங்களா?”

“அக்கா, அத்தான் எங்கே?”

“எங்கே போவார்? ஓட்டப்பந்தயத்துக்கா?”

உள்ளறையிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. “யாரு, சின்னவளா? பூமி ஆடினாத்தான் வருவியா நீ? அப்போ மாசாமாசம் ஆடட்டும்!”

அவள் அக்காவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பாதி திறந்திருந்த கதவில் தோள் இடித்தது. அறைக்குள் போனவள், தலையில் இடி விழுந்ததுபோல நின்றாள்.

அத்தானின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டியே போடப்பட்டிருந்தது. தலைமாட்டுக்கு நேர் மேலே, நீலத்தின் நடுவில், அவள் ஒட்டிய கண்ணாடி. அவள் கையெழுத்தில் தேதி.

“ஏன்க்கா? இந்தச் சுவரை நம்பாதவ நீ. கட்டிலை ஏன் இங்கே போட்டே?”

“நம்பலைன்னு யார் சொன்னா?” அக்கா துணியை மடித்தபடி சொன்னாள். “இந்த வீட்ல நாலு சுவர் இருக்கு. மத்த மூணையும் எவனும் பாக்கல. இந்த ஒண்ணைத்தான் என் தங்கச்சி ஆறு மாசம் பாத்து, நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கா. எழுந்து ஓட முடியாத மனுஷனை வேற எங்கே படுக்க வைப்பேன்?”

ஐயோ! அந்த வார்த்தைக்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கக் கூடாதா! ஏழு வருடமாகத் தன்னை வெறுக்கிறாள் என்று தங்கை நினைத்திருந்த அக்கா, ஏழு வருடமாக அவளை நம்பிக்கொண்டிருந்தாள். புருஷன் உயிரையே அந்த நம்பிக்கைக்குக் கீழே படுக்க வைத்திருந்தாள்.

தங்கை கையை நீட்டிப் பூச்சின் ஓரத்தில் நகத்தை விட்டாள். பெயர்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி முழுசாக உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது. பெயிண்ட் தோல் பழுத்த இலைபோல உரிந்தது. பின்னால் இருந்த விரிசலில் கட்டைவிரல் போகும். உள்ளிருந்து சுண்ணாம்பு மாவாகக் கொட்டி அத்தானின் நெற்றியில் விழுந்தது.

“என்ன, இப்பவே விபூதி பூசறே?” என்றார் அத்தான்.

“அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன். பெயிண்ட் மேலேயே ஒட்டிட்டேன். இது செத்த விரிசல் இல்லே. நீ சொன்னதுதான் சரி. கட்டிலைப் பிடி!”

அக்கா அசையவில்லை. அவள் கண் விரிசலிலேயே இருந்தது.

“பிடிக்கா!”

இரண்டு பேரும் கட்டிலை இழுத்தார்கள். ஒரு முழம் நகர்ந்திருக்கும். காலுக்கடியில் குத்து வந்தது.

ஒன்று. இரண்டு. அவளை அறியாமல் வாய் எண்ணியது. அக்காவின் வாயும் எண்ணியது. மூன்று. நான்கு.

“அஞ்சு” என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னபோது ஆட்டம் வந்தது. முதலில் வந்ததைவிடச் சின்னது. விளக்குகூட அவ்வளவாக ஆடவில்லை. ஆனால் சுவருக்குள்ளிருந்து பல்லைக் கடிக்கிற அந்தச் சத்தம், அக்கா ஏழு வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே சத்தம் கேட்டது. தட்டு அளவுக்கு ஒரு சுவர்ப் பாளம் பெயர்ந்து கீழே வந்தது. கட்டில் ஒரு முழம் நகரும் முன் அத்தானின் தலை இருந்த இடத்தில் விழுந்து, தரைக் கல்லை உடைத்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அத்தானுக்குக்கூட வேடிக்கைப் பேச்சு வரவில்லை.

கட்டில் கதவுக்குள் நுழையாது. நிலை கோணியிருந்தது. “பாதிதான் திறக்கும்னு சொன்னேனே” என்றாள் அக்கா, யாரிடமோ சொல்வதுபோல. அந்த நேரம் கணவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குனிந்து அத்தானை முதுகில் தூக்கிக்கொண்டார்.

மாடிப்படியில்தான் அத்தானுக்குக் குரல் திரும்பியது. “சகலை, டிக்கெட் எவ்வளவு?”

“கடைசி ஸ்டாப் வரைக்கும் சும்மாதான். கழுத்தை மட்டும் நெரிக்காதீங்க.”

அவள் அவர்கள் பின்னாலேயே இறங்கவில்லை. படியின் நடுவில் நின்று, முன்பு கத்தியதைவிடச் சத்தமாகக் கத்தினாள். “எல்லாரும் வெளியே வாங்க! மூணாவது மாடிச் சுவர் நல்லாருக்குன்னு எழுதினது நான்தான். நான் எழுதினது தப்பு. எங்க அக்கா சொன்னதுதான் உண்மை. சாமானை எடுக்காதீங்க, வாங்க!”

கதவுகள் திறந்தன. ஒரு வீட்டில் குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு வந்தார். அக்கா கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொறியாளர் கண்ணாடிக்காரம்மாவின் வீட்டுக்கே வந்தார். கூடத்தில் அத்தான் படுத்திருந்தார். கணவர் வாசல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், பஸ் வந்தால் ஏறிவிடுகிறவள் மாதிரி.

“கட்டடத்தை மூடி முத்திரை வெச்சாச்சு. தொட்டித் தண்ணியை இறக்கிட்டு இருக்காங்க” என்றார் பொறியாளர். “ரேடியோல நாலு புள்ளி ஒண்ணுன்னு சொல்றாங்க. நல்ல சுவர் நாலுக்கு அசையாது. இது நிலநடுக்கம் இடிச்ச சுவர் இல்லேம்மா. ஏழு வருஷமாத் தானா விட்டுக்கிட்டே வந்திருக்கு. இன்னிக்கு அது நமக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.”

“சின்னது வந்துட்டா பெருசு வராதுங்கறாங்களே?” என்றார் அத்தான்.

“அப்படி நினைச்சுக்கிட்டா தூக்கம் வரும். ஆனா ஒவ்வொரு எண் கூடும்போதும் வலு முப்பது மடங்கு ஏறுது. ஒரு ஆறுல இருக்கற வலு வெளியே போகணும்னா, இன்னிக்கு வந்த மாதிரி கிட்டத்தட்ட ஆயிரம் வரணும். பெருசு அது பாட்டுக்கு இருக்கு, வர்றப்ப வரும்.”

பொறியாளர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கண்ணாடிக்காரம்மாவைப் பார்க்காமல் பேசினார். “சட்டப்படி வீட்டுக்காரங்க புகார் எழுதித் தரலாம். தந்தா விசாரணை நடக்கும். இவங்க வேலையும் போகலாம், இவங்களையே பாக்க அனுப்பின என் வேலையும் போகலாம். தரலைன்னா, ‘கண்ணாடி தானா விழுந்தது’ன்னு நான் எழுதி முடிச்சுடுவேன். உங்க இஷ்டம்மா.”

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா எழுதமாட்டாள் என்று ஒரு நொடி நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அடுத்த நொடியே வெட்கப்பட்டாள்.

“குடுங்க” என்றாள் அக்கா.

மடியில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். தையல்காரியின் எழுத்து, நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. நாலு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்தக் கண்ணாடிக்கு உங்க ஆபீஸ்ல என்ன பேரு?”

ஏழு வருடத்துக்கு அப்புறம் குத்தல் இல்லாமல் அக்கா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“சாட்சிக் கண்ணாடி” என்றாள் தங்கை.

“செங்கல் தெரியற வரைக்கும் சுரண்டணும்கறது விதியா, பழக்கமா?”

“விதிதான். ‘விதிப்படி’ன்னே எழுது.”

“எத்தனை மாசம்னு தேதியோட போடணுமா?”

“போடணும். ஒட்டின தேதி, பாத்த தேதி ரெண்டும்.” இரண்டையும் சொன்னாள். மறக்கவே முடியாத தேதிகள்.

பொறியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சர்வீஸில் இப்படி ஒரு புகார் எழுதப்பட்டதில்லை. யார்மேல் புகாரோ அவளே வார்த்தை எடுத்துக் கொடுக்கிறாள்!

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கு” என்றாள் அக்கா. “என்னன்னு எழுத? ஏன் சுரண்டல நீ?”

தங்கையின் கண்முன் அந்த நீலம் அப்படியே வந்து நின்றது. ஏணிமேல் நின்ற அக்காவின் கழுத்து, காது, ‘வானம் மாதிரி இல்லே?’ எல்லாம் வந்து நின்றது. சொன்னால், தப்பில் பாதி அக்காவின் தலையில் போய் விழும். அத்தானுக்கு விழ இருந்த கல்லைவிட அது பெரிய கல்.

“மறந்துட்டேன்” என்றாள்.

அக்காவின் பேனா நின்றது. தங்கையின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“மறந்துட்டியா?”

“ஆமாம்.”

“கவனக்குறைவுன்னு எழுதறேன்.”

“எழுதுக்கா.”

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பொறியாளர் தாளை வாங்கிப் பையில் வைத்தார். எழுந்தார். அத்தானுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அக்காவும் எழுந்து அவர் பின்னாலேயே வாசல் வரை போனாள். அவளும் போய்விடுவாள் என்று நினைத்துத் தங்கை சுவரோடு ஒட்டி நின்றாள். பொறியாளரின் செருப்புச் சத்தம் படியிறங்கித் தேயும் வரைக்கும் அக்கா வெளியே பார்த்தபடி நின்றிருந்தாள்.

“தம்பி, நீங்களும் உள்ளே வாங்க. காத்து வருது, அவருக்கு ஆகாது” என்றாள்.

கணவர் உள்ளே வந்ததும் அக்காவே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.